ஞானஸ்நானத் தொட்டியில் ஒரு கைவினைஞரின் பெயர்

இஸ்லாமியக் கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைத்தால் சமயங்களுக்கிடையே நல்லுணர்வு தானே வளரும் என்று பலர் கூறுகின்றனர். இக்கூற்று எத்துணை உண்மை என்பதை நாம் ஆராய்தல் தகும்.

பாரிஸ் நகரத்து லூவ்ர் அருங்காட்சியகம் 2003இல் இஸ்லாமியக் கலைக்கெனத் தனித்துறை நிறுவி, 2012இல் புதிய கூடங்களைத் திறந்தது. அங்கு, வெள்ளியும் பொன்னும் இழைத்த பெரிய பித்தளைத் தொட்டி ஒன்று உண்டு. மம்லூக் சுல்தான்களின் நாட்டில், 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், முகம்மது இப்னு அல்-ஜைன் என்பவர் இதனைச் செய்து, தம் பெயரை ஆறு இடங்களில் பொறித்தார். ஆயினும் 'புனித லூயியின் ஞானஸ்நானத் தொட்டி' என்றே இது வழங்குகிறது. அவ்வரசரோ 1270இலேயே மறைந்தவர். பதின்மூன்றாம் லூயி 1606இல் ஞானஸ்நானம் பெற்றது இத்தொட்டியிலேதான்.

வாஷிங்டனின் ஃப்ரீயர் கலைக்கூடத்திலுள்ள 13ஆம் நூற்றாண்டுச் சிரிய நீர்க்குடுவையின் நடுவில் மரியாளும் குழந்தை இயேசுவும் காணப்படுகின்றனர். சுற்றிலும் கிறிஸ்துவின் பிறப்பு, எருசலேம் பிரவேசம் முதலிய காட்சிகளும், உடையவரை வாழ்த்தும் அரபு மொழிகளும் உள்ளன. அது சிலுவைப்போர்கள் நடந்த நூற்றாண்டு என்பதை மறத்தலாகாது.

இஸ்லாமியக் கலையில் உருவங்களே இல்லை என நாமும் வகுப்பறையில் பொதுப்படக் கூறியதுண்டு. பள்ளிவாசலுக்கும் திருக்குர்ஆன் பிரதிகளுக்கும் பொருந்துவதை அரண்மனைக் கலைக்கும் ஏற்றிவிட்டோம். தொட்டியில் வேட்டையாடுவோரும் அமீர்களும் நிறைந்திருக்கின்றனர். அறியாமையால் சொல்லினும் அது பிறனுக்கு விரோதமான பொய்ச்சாட்சியே. இதனைத் திருத்துவது அருங்காட்சியகம் செய்யும் மெய்யான தொண்டு.

எனினும் அதற்கு எல்லை உண்டு. அரசகுலத்தார் தொட்டியின் அழகைப் போற்றினர். புனித சடங்கிலும் பயன்படுத்தினர். ஆறுமுறை எழுதப்பட்ட பெயர் கண்முன் இருந்தும், அவர்கள் இட்டு வழங்கிய பெயர் வேறு. பொருளைப் போற்றுவது ஒன்று. செய்தவரை அறிவது மற்றொன்று. கண்ணாடிப் பேழைக்குள் உள்ள பொருள் நம்மிடம் கேள்வி கேட்பதில்லை, அயலார் கேட்பார். பழைய பித்தளையை வியந்துவிட்டு, வாழும் இஸ்லாமியரை ஐயத்துடன் நோக்குவதும் மனிதருக்குக் கூடும்.

ஆதலின் அருங்காட்சியகம் நல்லுறவின் வாயிலேயன்றி வீடு அன்று. அயலார் சமயத்தைக் குறித்துப் பிரசங்கபீடத்தில் பேசுமுன், அவர்களுள் ஒருவரையேனும் பெயர் சொல்லி அறிந்திருக்கிறோமா என நம்மையே கேட்டுக்கொள்வோமாக.