எல்லாச் சுரமும் அசைய வேண்டுமா?

மேலை இசையின் செவ்வியற் காலம் எனப்படுவது நமக்கு முற்றிலும் அயலான காலம் அன்று. மோட்சார்ட் பிறந்தது 1756இல்; தியாகராசர் 1767இல்; பீத்தோவன் 1770இல்; முத்துசுவாமி தீட்சிதர் 1775இல். வியன்னாவிலும் காவிரிக் கரையிலும் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் இரு பெரும் மரபுகள் முதிர்ந்தன. கிள்ளான் பள்ளத்தாக்கில் வயலின் பயிலும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு இது சொல்லப்படுகிறது?

வாயில்கள் இரண்டும் இங்கே திறந்தே உள்ளன. பிரிக்பீல்ட்சில், 1981இல் தோன்றிய டெம்பிள் ஆஃப் பைன் ஆர்ட்ஸ் நம் இசையைக் கற்பிக்கிறது. கோலாலம்பூரின் பில்ஹார்மோனிக் மண்டபம் 1998இல் திறக்கப்பட்டது. 2006இல் மலேசிய பில்ஹார்மோனிக் இளையர் இசைக்குழு அமைந்தது. ஆயினும், ஒன்றைப் பயின்றால் மற்றொன்று கெடும் என்னும் அச்சம் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் இருக்கிறது. இவ்வச்சம் தேவையற்றது என்பதே என் கருத்து.

இளையோர் குழுவொன்று ஐடனின் படைப்பை எடுத்துக்கொண்டால் முதலில் ஆள் எண்ணிக்கையைக் குறைக்கும். அது முறையே; எஸ்டர்ஹாசி அரண்மனையில் ஐடன் நடத்திய குழுவில் இருபது பேர் அளவிலேயே இருந்தனர். ஆனால் ஆளைக் குறைத்துவிட்டுத் தடித்த ஒலியை அப்படியே வைத்துக்கொள்வதால் பயன் என்ன? இடக்கை விரலை ஓயாமல் அசைத்து ஒவ்வொரு சுரத்தையும் நடுங்கச் செய்யும் பழக்கம் பிற்காலத்தில் வேரூன்றியது. மோட்சார்ட்டின் தந்தை லியோபோல்ட் 1756இல் வெளியிட்ட வயலின் நூலிலேயே, காய்ச்சல் கண்டவர்போல் எல்லாச் சுரத்திலும் நடுங்குவோரைக் கண்டித்திருக்கிறார். நீண்ட சுரத்திலும் முடிவுச் சுரத்திலும் அவ்வசைவை அவர் ஏற்றார் என்பதையும் மறத்தலாகாது. அதனை அறவே விலக்கும் இக்காலத்தார் சிலர் மறு எல்லைக்குச் சென்றுவிட்டனர்.

இவ்விடத்தில் தீட்சிதர் நமக்குத் துணை நிற்கிறார். கமகத்தின் ஆழம் கண்டவர் அவர். தம்பி பாலுசாமியோ ஐரோப்பிய வயலினை நம் இசைக்குக் கொணர்ந்தவருள் முதல்வர். ஆங்கிலேயரின் வாத்தியக் குழுக்கள் வாசித்த மெட்டுகளுக்குத் தீட்சிதர் சமஸ்கிருதச் சாகித்தியம் புனைந்தபோது, சங்கராபரணத்தின் சுரங்களைக் கமகமின்றி நேராகவே நிற்கவிட்டார். நோட்டுஸ்வரம் எனும் அப்பாடல்கள் ஏறத்தாழ நாற்பது. கமகம் அறியாமையால் அன்று, மெட்டின் இயல்பு அறிந்தே அவர் அதனை விலக்கினார். இரு மரபும் பயிலும் பிள்ளைக்கு இதனினும் நல்ல முன்மாதிரி வேறில்லை.

அசைவைக் குறைத்தபின் வில்லின் வேலை கூடும். வெண்பாவைச் சீர் பிரித்துப் படிக்கத் தெரியாத மாணவன் எல்லாச் சொல்லையும் ஒரே மூச்சில் இழுப்பான். நாம் அவனை நிறுத்தி, எங்கே அழுத்துவது, எங்கே விடுவது எனக் காட்டுவோம். மோட்சார்ட்டின் சிறு தொடர்களும் அவ்வாறே பிரித்துப் பேசப்பட வேண்டியவை. தமிழாசிரியருக்குப் புதிதல்லாத இவ்வேலையை இசையாசிரியர் பலர் (வேகத்தில் மயங்குவோர் தாம்) பொருட்படுத்துவதில்லை.

இளையோர் எடுக்கத்தக்க படைப்பு எது எனக் கேட்டால், 1772இல் ஐடன் இயற்றிய 'பிரியாவிடை'ச் சிம்பொனியைச் சொல்வேன். வீடு திரும்ப ஏங்கிய கலைஞருக்காக அவர் செய்தது. இறுதிப் பகுதியில் வாசிப்போர் ஒருவர்பின் ஒருவராக எழுந்து செல்வர். இரு வயலின்கள் மட்டுமே எஞ்சும், அவையும் ஒலி தணித்து. பெருங்குழுவின் பின்வரிசையில் மறைந்து பழகிய பிள்ளையை, ஒத்திகையிலாவது, அவ்விருவருள் ஒருவராக அமர்த்திக் கேட்க வேண்டும்.