இரும்புப் பல்

குழந்தைகள் ஒருத்தருக்கொருத்தர் அளந்துவிடும் கதைகளுக்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. ஒன்றுக்கு எழுதிப் பார்க்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1954 செப்டம்பர். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தின் ஏழைப் பேட்டையான கோர்பல்ஸ். அங்கிருக்கும் பெரிய கல்லறைத் தோட்டத்தில் ஏழடி உயர ரத்தக்காட்டேரி. இரும்புப் பல். இரண்டு பையன்களைத் தின்றுவிட்டது. கதை அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டதும் நூற்றுக்கணக்கான வாண்டுகள் கத்தி, கூர் சீவிய குச்சி சகிதம் கல்லறைக்குப் படையெடுத்துவிட்டார்கள். சிலருக்கு நாலு வயசுதான். போலீஸ் வந்தது, ஒரு ஹெட்மாஸ்டர் வந்து அதட்டினார், கடைசியில் மழைதான் வீட்டுக்கு அனுப்பியது. மறுநாளும் வந்தார்கள். காணாமல் போன பையன் என்று ஊரில் ஒருத்தனும் இல்லை.

'அங்க ஒரு பேய் இருக்கு' என்றால் நீங்கள் குச்சி சீவுவீர்களா? 'ஏழடி' என்று அளவும், 'ரெண்டு பேர்' என்று கணக்கும் சொன்னால்தான் நம்பத் தோன்றும். பக்கத்திலேயே இரும்பு உருக்காலை வேறு. ராத்திரி வானம் சிவந்து கிடக்கும். செட்டிங்ஸ் இலவசம்! ஒவ்வொரு வாயிலும் ஒரு வரி கூடியிருக்கும்; ஆசிரியர் பெயர் கிடையாது. எனக்கு ரொம்பப் பிடித்தது, கேட்டவர்கள் போர்வைக்குள் ஒளியவில்லை என்பது. கதைக்குள்ளேயே வேட்டைக்குப் போய்விட்டார்கள். நம் பேய்ப் படங்களுக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை.

பெரியவர்களுக்கோ, இதைப் பிள்ளைகளே கட்டியிருக்கலாம் என்று தோன்றவே இல்லை. எங்கிருந்து காப்பியடித்தது என்று தேடி, அமெரிக்க பயங்கர காமிக்ஸ் மேல் பழி போட்டார்கள். அதன்மேல் ஏற்கெனவே கோபம் இருந்தது. காட்டேரி எண்ணெய் ஊற்றியது. 1955-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தடைச் சட்டமே போட்டது.

ஓர் அமெரிக்க காமிக்ஸில் 1953-ல் இரும்புப் பல் காட்டேரி வந்தது நிஜம்தான். அதை கோர்பல்ஸ் பையன்கள் படித்தார்கள் என்று யாரும் நிரூபிக்கவில்லை. இரும்புப் பல் மிருகம் பைபிளில், தானியேல் ஏழாம் அதிகாரத்திலேயே இருக்கிறது. ரயில்பாதைத் தொழிலாளியாக இருந்த அலெக்சாண்டர் ஆண்டர்சன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதிய ஸ்காட்டிஷ் பாட்டு ஒன்றும் உண்டு. அதில் தூங்காத பிள்ளையை அம்மா மிரட்டுகிறாள், இரும்புப் பல் ஜென்னி வருவாள் என்று. சட்டம் அந்தப் பாட்டைத் தொடவில்லை.