இரண்டை எடுத்தால் ஒன்றா, வேறா?

ஈரோட்டிலிருந்து பள்ளிபாளையத்துக்கு வரும் காவிரிப் பாலத்தில் பொழுது சாயும் நேரம் நின்றால், கூடு திரும்பும் கொக்குகள் வரிசை வரிசையாகத் தலைக்கு மேல் போகும். ‘எவ்வளவு பறவை!’ என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கூட்டத்தைப் பார்த்ததையே பல்லுயிர் வளத்தைப் பார்த்ததாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால் எத்தனை இனம் என்பது ஒரு கணக்கு, ஒவ்வோர் இனத்திலும் எத்தனை என்பது வேறு கணக்கு. 1949இல் சிம்ப்சன் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் இரண்டையும் ஒரே கேள்வியில் அடக்கினார்: கண்ணை மூடிக்கொண்டு கூட்டத்திலிருந்து இரண்டை எடுத்தால், இரண்டும் ஒரே இனமாக அமைய எவ்வளவு வாய்ப்பு? ஒரு பேச்சுக்கு, நூறு பறவையில் 97 உண்ணிக்கொக்கு, வேறு மூன்று இனங்களில் ஆளுக்கு ஒன்று என்றால், அந்த வாய்ப்பு நூற்றுக்கு 94. அதே நான்கு இனமும் 25 வீதம் இருந்தால் 24தான். இரண்டு இடத்திலும் நூறு பறவைதான், நான்கு இனம்தான். ஆனாலும் இரண்டாவதுதான் வளமான கரை.

இந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்க ஒரு வெள்ளைக் கொக்கு போதும். அலகு மஞ்சளாக, மாட்டின் காலடியில் பூச்சி பொறுக்கினால் அது உண்ணிக்கொக்கு. அலகும் காலும் கருப்பாக, பாதம் மட்டும் மஞ்சளாக இருந்தால் சின்னக் கொக்கு. அது ஓரத்துத் தண்ணீரில் ஒரு காலை நீட்டிச் சேற்றை நடுங்க நடுங்கக் கிளறும். கலங்கி வெளியே வரும் மீன்குஞ்சை மறுநொடி கொத்தும். மீன்கொத்திகளிலும் இதே பங்கீடுதான். கருப்பு வெள்ளை மீன்கொத்தி நடு ஆற்றின் மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாகப் பாயும். சிறால் மீன்கொத்தி தண்ணீரை ஒட்டிய தாழ்ந்த குச்சியில் காத்திருந்து பொடிமீனைப் பிடிக்கும். வெண்மார்பு மீன்கொத்தி மின்கம்பியில் உட்கார்ந்து வெட்டுக்கிளி, ஓணான் வரைக்கும் பார்க்கும். 1958இல் ராபர்ட் மெக்கார்த்தர் என்ற அமெரிக்கச் சூழலியலாளர், ஒரே ஊசியிலை மரத்தை ஐந்து வகைச் சிறு குருவிகள் உச்சி, நடு, அடி என்று பிரித்து மேய்வதைக் காட்டினார். ஒரே இடத்தில் பல இனம் பிழைப்பது இப்படிப் பிரித்துக்கொள்வதால்தான். எந்தப் பறவை எதை விட்டுக்கொடுக்கிறது என்று பார்ப்பதுதான் ரசனையின் அடுத்த படி.

‘சாயக் கழிவு கலக்கும் ஆற்றில் ரசிக்க என்ன இருக்கிறது? அதற்குக் கொல்லிமலைக்கோ மேற்குத் தொடர்ச்சி மலைக்கோ போகலாமே’ என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனால் அடிபட்ட ஆறுதான் இந்தக் கணக்கை நன்றாகக் கற்றுத்தரும். கரையோரம் விற்கும் மீன் கூடையில் சிம்ப்சனின் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கையில் வரும் இரண்டும் ஜிலேபிக் கெண்டையாகவே இருந்தால் அதற்குக் காரணம் உண்டு. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் அது. தாய்மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். ஆபத்து வந்தால் குஞ்சுகள் திரும்ப வாய்க்குள் புகுந்துகொள்ளும். ஆண்டில் பலமுறை பெருகும். கெட்ட நீரையும் தேங்கிய நீரையும் தாங்கும். 1934இல் மேட்டூர் அணை வந்தது. பின்னர் ஊராட்சிக்கோட்டை, வெண்டிபாளையம் என மின்சாரத்துக்காகக் கதவணைகளும் வந்தன. ஓடிய ஆறு படிப்படியாகத் தேங்கும் குட்டைகளாயிற்று. புதுவெள்ளத்தில் எதிரேறி முட்டையிடும் மீன்களுக்கு அது பாதகம், ஜிலேபிக்குச் சாதகம். கூடை ஆற்றை அப்படியே காட்டிவிடாது என்பதும் உண்மை: வலைக்கண்ணின் அளவும், அரசு விடும் கட்லா, ரோகு குஞ்சுகளும் அதை மாற்றும். ஆகவே ஒரு கூடையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், மாதக்கணக்கில் பார்க்க வேண்டும்.

‘மீன் மீன்தானே, எது மிகுந்தால் என்ன?’ என்பது அடுத்த கேள்வி. ஒரே இனத்தை நம்பிய ஆற்றில் அந்த இனத்துக்கு ஒரு நோய் வந்தால் வலையும் கொக்கும் சேர்ந்து பட்டினி கிடக்கும். பல இனம் இருந்தால் ஒன்று குறையும்போது இன்னொன்று கைகொடுக்கும். ‘பெயர் தெரியாதவன் எப்படி எண்ணுவது?’ என்றால், பெயர் பிறகு வரட்டும். அலகு, கால், இரை தேடும் விதம் என்ற மூன்றை வைத்து ‘இது வேறு’ என்று பிரிக்க முடிந்தாலே கணக்கு நடக்கும். பாலத்தில் ஒரே இடம், ஒரே நேரம், அரை மணி; வலசைப் பறவைகள் வந்துசேர்ந்த மார்கழியில் ஒருமுறை, நீர் வற்றும் சித்திரையில் ஒருமுறை. அடுத்த ஆண்டும் அப்படியே எண்ணி, மார்கழித் தாளை மார்கழியோடும் சித்திரைத் தாளைச் சித்திரையோடும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொத்தம் குறைந்தும் வகை நிலைத்திருந்தால் ஆறு இன்னும் தாக்குப்பிடிக்கிறது என்று நம்ப இடமுண்டு. மொத்தம் கூடி வகை சுருங்கியிருந்தால், முன்பு வியந்த அதே கூட்டம் கவலையாகத் தெரியும்.