துப்பாக்கி விவாதமும் செய்தி ஊடகங்களும்

அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிய செய்திகள் பெரும்பாலும் இரு அணிகளின் மோதலாகவே காட்டப்படுகின்றன. 2018 பிப்ரவரி 14 அன்று புளோரிடா மாநிலத்தின் பார்க்லாந்து நகரப் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒரு வாரத்தில் சி.என்.என். தொலைக்காட்சி பொதுமன்ற நிகழ்ச்சி ஒன்றை ஒளிபரப்பியது. செனட்டர் மார்கோ ரூபியோவையும் தேசிய ரைஃபிள் சங்கப் பேச்சாளரையும் மாணவர்களும் பெற்றோரும் கேள்வி கேட்டனர்; அரங்கம் கூச்சலிட்டது. அந்தக் கேள்விகள் நியாயமானவை. ஆனால் இத்தகைய நிகழ்ச்சிகளைப் பார்ப்பவர், துப்பாக்கி வைத்திருப்போர் அனைவரும் அச்சங்கத்தின் கருத்தினரே என எண்ணிவிடுவார். உண்மையில், துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்ப்பதை அவர்களில் பெரும்பான்மையினரே ஆதரிப்பதாகக் கருத்துக்கணிப்புகள் காட்டுகின்றன. மேலும், அந்நாட்டின் துப்பாக்கி மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள். இரு அணிச் சித்திரத்தில் இவ்விரண்டுக்கும் இடம் கிடைப்பது அரிது. செய்தியைப் படிக்கும் மாணவர்கள், அதில் யார் பேசவில்லை என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.