புள்ளிகளை எண்ணி என்ன கண்டோம்?

எலிஸ்பாட் தட்டை முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு சின்ன சந்தோஷம் வரும். 96 குழிகள், ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைச் சவ்வு, அதில் நீலமும் ஊதாவுமாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு செல் விட்டுப்போன தடம். நோய் எதிர்ப்பாற்றல் என்று புத்தகத்தில் படித்த சமாச்சாரம் கண்ணெதிரே வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். எனக்கும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடுதான் இப்போ எனக்குச் சண்டை.

முறை இதுதான். ரத்தத்திலிருந்து லிம்போசைட், மோனோசைட் வகை வெள்ளணுக்களை மட்டும் பிரித்தெடுப்பார்கள். சவ்வின் மேல் இன்டர்ஃபெரான்-காமாவைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி முன்கூட்டியே பூசப்பட்டிருக்கும். செல்களோடு எச்.ஐ.வி. புரதத்தின் துண்டுகளைச் சேர்த்து (பெரும்பாலும் 15 அமினோ அமில நீளம், பக்கத்துத் துண்டோடு 11 பொதுவாக இருக்கும்) ஒரு ராத்திரி 37 டிகிரியில் விட்டுவிட வேண்டும். துண்டை அடையாளம் கண்டுகொண்ட டி செல் இன்டர்ஃபெரானைச் சுரக்கும், அது அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். காலையில் செல்களைக் கழுவித் தள்ளிவிட்டு இரண்டாவது ஆன்டிபாடி, என்சைம், நிறம். பத்து லட்சம் செல்லுக்கு எத்தனை புள்ளி என்று கணக்கு எழுதினால் முடிந்தது.

அதற்கு முன்னால் இருந்த குரோமியம் சோதனையில் கதிரியக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். எலிஸ்பாட் சுத்தமான முறை, லட்சத்தில் சில செல்கள் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். தடுப்பூசிக்காரர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. 2006-இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் எம்.வி.ஏ. வகை எச்.ஐ.வி. தடுப்பூசியை மனிதர்களிடம் சோதித்தபோதும் இந்தப் புள்ளிகளைத்தான் எண்ணினார்கள்.

சிக்கல் 'ஸ்டெப்' சோதனையில் வெளிப்பட்டது. அடினோவைரஸ்-5 மேல் எச்.ஐ.வி.யின் காக், போல், நெஃப் மரபணுக்களை ஏற்றிய மெர்க் தடுப்பூசி. 2004 டிசம்பரில் தொடங்கி 3,000 பேர். எலிஸ்பாட்டில் முக்கால்வாசிப் பேருக்கு டி செல் எதிர்வினை தெரிந்தது. அன்றைய கணக்கில் அது அமோக வெற்றி. 2007 செப்டம்பரில், முதல் இடைக்கால ஆய்விலேயே நிறுத்திவிட்டார்கள். பின்னால் வெளியான அறிக்கையில், தடுப்பூசி போட்ட 914 ஆண்களில் 49 பேருக்கும் போலி ஊசி போட்ட 922 ஆண்களில் 33 பேருக்கும் தொற்று. ஏற்கெனவே அடினோவைரஸ்-5க்கு ஆன்டிபாடி இருந்தவர்களிடமும், சுன்னத் செய்யாதவர்களிடமும், தடுப்பூசி போட்ட பக்கத்தில் தொற்று கூடுதல். பாதுகாக்கப்போன ஊசி சிலருக்கு ஆபத்தைக் கூட்டியதோ என்ற கேள்வி அப்போது எழுந்தது. வெறும் புள்ளிவிவரமாகப் படிக்க மனசு வரவில்லை. நம்பிக் கையை நீட்டியவர்கள் அவர்கள்.

அப்போ எலிஸ்பாட் பொய் சொன்னதா? இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகவே பதில் சொன்னது. 'இந்தத் துண்டைக் கொடுத்தால் இன்டர்ஃபெரான் சுரக்கிற செல் எத்தனை?' என்பதுதான் கேள்வி. 'இந்த ஆள் பிழைப்பாரா?' என்று யாரும் அதனிடம் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. முதல் கேள்வியின் பதிலை இரண்டாவதின் பதிலாக வாசித்தது நாம்தான்.

கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்க. குழிக்குள் நாம் பெப்டைடை அள்ளிக் கொட்டுகிறோம். உடம்பில் தொற்றிய செல் அப்படித் தாராளமாகத் தட்டில் வைத்து நீட்டாது. வைரஸ் புரதத்தைத் தானே நறுக்கி, கொஞ்சமாக, பல நேரம் தாமதமாகத்தான் வெளியே காட்டும். நெஃப் புரதம் அந்தக் காட்சியையும் பாதி மறைத்துவிடும். அடுத்து, நம் பெப்டைடு ஏதோ ஒரு மாதிரி வைரஸின் வரிசை. வந்து தொற்றுவது வேறு முகம் போட்ட வைரஸ். இதெல்லாம் போக, நாம் எடுப்பது கையில் ஓடும் ரத்தம், எச்.ஐ.வி. பெரும்பாலும் நுழைவதோ சளிச்சவ்வு வழியாக. வாசலில் காவல் இருக்கிறதா என்று பார்க்க நெடுஞ்சாலையில் வண்டி எண்ணிய கதை. புள்ளி விட்டது சி.டி.4 செல்லா சி.டி.8 செல்லா என்றுகூட, தனியாகப் பிரித்துப் போடாத வரை தட்டு சொல்லாது.

இந்தக் கடைசிக் குறையை ஃப்ளோ சைட்டோமெட்ரி தீர்க்கிறது. சுரப்பு வெளியே போகாமல் பிரெஃபெல்டின் போட்டு அடைத்து, சுமார் 6 மணி நேரத்தில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எது எது இருக்கிறது என்று பார்க்கலாம். மருந்தில்லாமலே நோய் முற்றாமல் இருப்பவர்களின் சி.டி.8 செல்கள் ஒரே நேரத்தில் பல வேலை செய்கின்றன என்று 2006-இல் காட்டினார்கள். உடனே 'பல்திறன்' என்ற சொல் எல்லாக் கட்டுரையிலும் குடியேறியது. எனக்கு அதிலும் ஒரு உறுத்தல். பல்திறன் இருப்பதால் வைரஸ் குறைவா, வைரஸ் குறைவாக இருப்பதால் செல்கள் களைத்துப்போகாமல் பல்திறனோடு இருக்கின்றனவா? ஒரு நாள் எடுத்த ரத்தத்தை வைத்து இதைப் பிரிக்க முடியாது.

நான் கட்சி கட்டுவது வைரஸ் தடுப்புச் சோதனைக்கு. ஒருவருடைய சி.டி.4 செல்களில் உயிருள்ள வைரஸைத் தொற்றவிட்டு, அவருடைய சி.டி.8 செல்களை அதோடு சேர்த்து, சில நாட்களில் பி24 புரதம் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது. 2007-இல் பிரெஞ்சுக் குழு ஒன்று இப்படிச் செய்தபோது, வைரஸை இயல்பாகவே அடக்கிவைத்தவர்களின் செல்கள் குடுவையிலும் அடக்கின. ரத்தத்தில் வைரஸ் பெருகியிருந்தவர்களிடம் இன்டர்ஃபெரான் சுரக்கும் செல்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அடக்கும் வேலை பெரிதாக நடக்கவில்லை. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இது தொல்லை பிடித்த சோதனை என்பதும் உண்மை. செல்கள் நிறைய வேண்டும், பல நாள் ஆகும், உயிருள்ள வைரஸைக் கையாளும் பாதுகாப்பு அறை வேண்டும், எந்த வைரஸைப் போடுவது என்பதே ஒரு பஞ்சாயத்து. நூற்றுக்கணக்கான மாதிரிகள் வரிசையில் நிற்கும்போது ஆய்வகம் மறுபடியும் எலிஸ்பாட் தட்டைத்தான் எடுக்கும். அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் 'எதிர்வினை கிடைத்தது' என்று சுருக்கவுரையில் எழுதும்போது, எதற்கான எதிர்வினை, எந்தச் சோதனையில் என்பதையும் அதே வரியில் எழுதினால் என்ன? அந்த விவரம் பெரும்பாலும் படத்தின் அடிக்குறிப்பில், பொடி எழுத்தில்தான் கிடக்கிறது.