பழம் பறித்த பிள்ளைகள்

வட அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் நார்த்தாம்ப்டன் என்றோர் ஊர். 1735-ஐ ஒட்டிய கோடை. நான்கு வயதைத் தாண்டிய ஃபீபி பார்ட்லெட், பெரிய பிள்ளைகளோடு போய் அண்டை வீட்டார் நிலத்தில் பிளம் பழம் பறித்து வந்தாள். அதில் தவறு இருப்பதே அவளுக்குத் தெரியாது. கேட்காமல் எடுத்தது பாவம் என்று தாய் மெதுவாகச் சொன்னதும் அழத் தொடங்கியவள், உரிமையாளரின் அனுமதி கிடைத்துவிட்டதென்று தாய் சொன்ன பிறகும் ஓயவில்லை. நெடுநாள் அந்தப் பழத்தையே வெறுத்தாள். அதற்கு முன்பே நரகத்துக்குப் பயந்து தனி அறைக்குள் போய் அழுது ஜெபித்தவள். ஒருநாள் பரலோக ராஜ்யம் தனக்கு வந்துவிட்டதென்று தாயிடம் சொன்னவள். இவற்றைப் பதிவு செய்தவர் அவ்வூர்ப் போதகர் ஜொனாதன் எட்வர்ட்ஸ். 1737-இல் லண்டனில் அச்சான அவருடைய எழுப்புதல் வரலாற்றில் ஃபீபி ஒரு முன்மாதிரிக் குழந்தை.

அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது மனம் இரண்டுபடுகிறது. பிறர் பொருளைத் தொட்டதற்காகக் கலங்கும் மனச்சாட்சி அரிய செல்வம். ஆனால் அறியாமல் செய்ததற்கும் அறிந்து செய்ததற்கும் உள்ள வேறுபாட்டை அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. அனுமதி கிடைத்த பிறகும் அவள் அழுகிறாள் என்பது எட்வர்ட்ஸுக்குப் பக்தியின் அடையாளமாகப் பட்டது. எனக்கோ, பாவத்தைப் பற்றி அவள் கேட்டது அதிகம், மன்னிப்பைப் பற்றிக் கேட்டது குறைவு என்பதன் அடையாளமாகப் படுகிறது.

பாவமும் இரட்சிப்பும் கிறிஸ்தவப் போதனையின் இரு கரைகள். அவற்றைப் பிள்ளைகளுக்கு எந்த வயதில், எப்படிச் சொல்வது என்று திருச்சபைகள் பல நூற்றாண்டுகளாக வாதாடி வந்திருக்கின்றன. அந்த வாதங்களைத் தொடர்ந்து படித்தால், வயதையும் முறையையும்விட அடிப்படையான கேள்வி ஒன்று அடியில் ஓடுவது தெரியும்: எதை முதலில் சொல்வது?

கடுமைக்குப் பேர்போன பழைய ஞானோபதேச நூல்கள் இதில் நம்மை வியக்க வைக்கின்றன. 1563-இல் வெளிவந்த ஹைடல்பெர்க் ஞானோபதேசம் 129 வினாக்கள் கொண்டது. ஆண்டின் 52 ஞாயிறுகளுக்கும் பகுத்துத் தரப்பட்டது. மனிதனின் கேடு, மீட்பு, நன்றி என்பது அதன் மூன்று பாகங்களின் வரிசை. ஆனால் கேட்டைப் பற்றிப் பேசும் முன்பே முதல் வினா வேறிடத்தில் நிற்கிறது. வாழ்விலும் சாவிலும் உனக்கு ஆறுதல் எது என்று கேட்டு, நான் கிறிஸ்துவுக்கு உரியவன் என்ற நிச்சயத்தை விடையாகத் தருகிறது. 1647-இன் வெஸ்ட்மின்ஸ்டர் சிறு ஞானோபதேசத்தில் 107 வினாக்கள். அதன் முதல் வினா கடவுளை மகிமைப்படுத்துவதையும் அவரில் என்றென்றும் மகிழ்வதையும் மனித வாழ்வின் நோக்கமாக வைக்கிறது. பாவம் பிறகுதான் வருகிறது. லூத்தரின் 1529-ஆம் ஆண்டுச் சிறு நூல் பத்துக் கற்பனைகளில் தொடங்கினாலும், ஒவ்வொரு கற்பனைக்குமான விளக்கத்தில் கடவுளிடம் பயத்தையும் அன்பையும் ஒன்றாகவே வைக்கிறது.

தமிழுக்கும் இதில் பழைய உறவு உண்டு. பிரான்சிஸ் சேவியர் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி ஜெபங்களைக் கற்பித்தார். கற்றதை வீட்டில் பெற்றோருக்குச் சொல்லும்படி அனுப்பினார். 1579-இல் கொச்சியில் என்ரிக்கு என்ரிக்கஸ் அச்சிட்ட ‘கிரிசித்தியானி வணக்கம்’, மார்க்கோஸ் ஜோர்ஜ் போர்த்துக்கீசியச் சிறுவர்களுக்காக உரையாடல் வடிவில் எழுதிய ஞானோபதேசத்தின் தமிழாக்கம். தமிழ் அச்சின் தொடக்க கால நூல்களில் ஒன்று பிள்ளைகளுக்கான வேதபாடம் என்பதை நம் அச்சு வரலாற்றைப் பேசுவோர் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

வரிசை தலைகீழானது எங்கே? 1690-ஐ ஒட்டிப் பரவத் தொடங்கிய ‘நியூ இங்கிலாந்து பிரைமர்’ என்ற அரிச்சுவடியில் முதல் எழுத்துக்கான பாடமே ஆதாமின் வீழ்ச்சி. எழுத்தறியும் கணத்திலேயே தான் வீழ்ந்தவன் என்று பிள்ளை அறிந்துகொண்டது. இதைப் பியூரிட்டன்களின் கொடூரம் என்று தள்ளிவிடுவது எளிது, நியாயமல்ல. பியூரிட்டன் போதகர் ஜேம்ஸ் ஜேன்வே, இளமையிலேயே பக்தியோடு இறந்த 13 குழந்தைகளின் கதைகளை 1671-இல் வெளியிடத் தொடங்கியபோது, 1665-இன் கொள்ளைநோய் லண்டனைச் சூறையாடி ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. பிள்ளை பத்து வயதைக் காணும் என்ற உறுதி எந்தத் தாய்க்கும் இல்லாத காலம் அது. நாளை இறக்கக்கூடிய குழந்தையிடம் இன்றே சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் அன்பிலிருந்து பிறந்தது. அந்த மரண விகிதம் போன பின்பும் அவசரம் மட்டும் தங்கிவிட்டதே சிக்கல்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜான் ஃபர்னிஸ் என்ற ஆங்கிலேயக் குரு சிறுவர்களுக்கான தியானங்கள் நடத்துவதில் பெயர்பெற்றிருந்தார். பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவரே சிறுவர்களுக்காக எழுதிய ‘நரகக் காட்சி’ என்ற சிறு நூலில், பழுக்கக் காய்ந்த அடுப்புக்குள் ஒரு குழந்தை துடிக்கும் சித்திரம் வருகிறது. அவருடைய சிறு நூல்கள் 40 இலட்சம் படிகளுக்கு மேல் விற்றன. பிள்ளைகளை நேசித்த ஒருவரே இதை எழுதினார் என்பதுதான் என்னை அதிகம் கலங்கச் செய்கிறது. அன்பு இருந்தால் போதும், சொல்லும் முறை தானாகச் சரியாகும் என்று நம்புகிறவர்கள் ஃபர்னிஸைப் படிக்க வேண்டும்.

எதிர்க்குரல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரப் போதகர் ஹோரஸ் புஷ்நெல்லிடமிருந்து வந்தது. கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை பாவியாக வளர்ந்து ஒருநாள் திடீரென்று மனம் மாற வேண்டியதில்லை. தான் கடவுளுக்கு அந்நியனாக இருந்த காலமே தெரியாதபடி அது வளரலாம் என்பது 1847-இல் அவர் முன்வைத்த வாதம். நூலை வெளியிட்ட ஞாயிறு பள்ளிச் சங்கமே கண்டனங்களுக்கு அஞ்சி விநியோகத்தை நிறுத்தியது. அவர் விரித்து எழுதி மறுபடியும் வெளியிட்டார். இன்றைய கிறிஸ்தவக் கல்வி நூல்கள் பலவற்றில் அந்த வாதம் பெயரின்றி வாழ்கிறது.

சிறுவர் ஊழியத்தின் நடைமுறையை ஆண்டதோ இன்னொரு கருவி. 1866 ஜனவரியில் லண்டன் போதகர் ஸ்பர்ஜன் மூன்றே நிறத் தாள்கள் கொண்ட, எழுத்தே இல்லாத ஒரு புத்தகத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். பாவத்துக்குக் கறுப்பு, இயேசுவின் இரத்தத்துக்குச் சிவப்பு, கழுவப்பட்ட இருதயத்துக்கு வெள்ளை. 1875-இல் அமெரிக்க நற்செய்தியாளர் டி. எல். மூடி பரலோகத்துக்குப் பொன்னிறம் சேர்த்தார். 1937-இல் ஓவர்ஹோல்ட்சர் தொடங்கிய சிறுவர் சுவிசேஷ ஐக்கியத்தின் வழியே வளர்ச்சிக்கான பச்சையும் சேர்ந்து உலகெங்கும் போனது. ஏப்ரல், மே விடுமுறையில் நம் ஊர் விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) வகுப்புகளில் கைக்கயிற்று மணிகளாகவும் கைத்தாள்களாகவும் இந்நிறங்களைப் பார்க்கலாம். எழுத்தறியாத பிள்ளைக்கும் ஐந்து நிமிடத்தில் நற்செய்தியின் சுருக்கத்தைக் கொடுக்கும் அதன் வலிமையை மறுக்க முடியாது. ஆனால் தோலின் நிறத்துக்காகக் கேலி கேட்டு வளரும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் பாவத்தின் நிறம் கறுப்பு என்று சொல்லலாகாது. சில பதிப்புகள் அந்தத் தாளை இருள் என்று விளக்கத் தொடங்கிவிட்டன; நம் வகுப்புகளுக்கும் அந்த மாற்றம் வேண்டும். வரிசையைப் பொறுத்தவரை, பொன்னிறத் தாளிலிருந்து, அதாவது கடவுளின் அன்பிலிருந்து தொடங்கும் பழக்கம் பரவியிருப்பது ஆறுதல்.

வயதுக் கேள்விக்கு ஒருமித்த விடை இல்லை. கத்தோலிக்கத்தில் 1215-இன் நான்காம் லாத்தரன் சங்கம் பகுத்தறியும் வயதை எட்டியோர் ஆண்டுக்கொரு முறை பாவசங்கீர்த்தனம் செய்யப் பணித்தது. அந்த வயது ஏறத்தாழ ஏழு என்று 1910-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் வரையறுத்தார். பத்து, பன்னிரண்டு வயதுவரை தள்ளிப்போன புதுநன்மை இரண்டாம், மூன்றாம் வகுப்புக்கு வந்தது. நற்கருணை அருகில் வந்ததில் பலருக்கு மகிழ்ச்சி. ஆனால் சாவான பாவம், அற்பப் பாவம் என்று ஏழு வயதில் தன்னைத் தானே கணக்கெடுக்கும் சுமையும் கூடவே வந்தது என்று ஜான் கார்ன்வெல் 2014-இல் எழுதிய பாவசங்கீர்த்தன வரலாறு குற்றஞ்சாட்டுகிறது. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகளில் கைக்குழந்தை ஒரே நாளில் ஞானஸ்நானமும் பூசுதலும் நற்கருணையும் பெறுகிறது. ஆதாமின் குற்றத்தையல்ல, சாவையும் பலவீனத்தையுமே பிள்ளை பெற்றுப் பிறக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. பந்தியில் இடம் முதலில், அறிக்கை பல ஆண்டுகள் கழித்து.

பாப்டிஸ்ட் மரபு விசுவாசித்த பின்பே ஞானஸ்நானம் என்கிறது. பொறுப்பேற்கும் வயது வராத பிள்ளைகளைக் கடவுளின் இரக்கத்தில் விடுகிறது. அம்மரபிலேயே, அமெரிக்கத் தென் பாப்டிஸ்ட் குழு ஒன்று 2014-இல் தன் சபைகளின் ஞானஸ்நானக் கணக்கை ஆராய்ந்தபோது, தொடர்ந்து வளர்ந்துவந்த ஒரே பிரிவு ஐந்து வயதும் அதற்குக் கீழும் என்று கண்டது. சுயமாகத் தீர்மானிக்க வேண்டும் என்ற கொள்கை அந்த வயதில் என்ன பொருள்படும்? கூட்டத்தின் முடிவில் கை உயர்த்தச் சொன்னால் நான்கு வயதுப் பிள்ளை கை உயர்த்தும். ஆசிரியையைப் பிடித்திருந்தால் இரண்டு கைகளையும் உயர்த்தும்.

குழந்தை மனம் குற்றத்தை எப்படிக் கையாளுகிறது என்பதற்கு 1932-இல் உளவியலாளர் ழான் பியாஜே எழுதிய நூலைப் பிள்ளைகளுக்கு வேதம் கற்பிப்போர் எல்லோரும் படித்தே ஆக வேண்டும். ஆப்பிள் திருடிய ஒரு சிறுவன் காவலரிடமிருந்து தப்பி ஓடுகிறான். உளுத்த மரப்பாலம் முறிந்து தண்ணீரில் விழுகிறான். திருடாதிருந்தால் விழுந்திருப்பானா? ஆறு வயதினரில் 86 விழுக்காட்டினர், திருடியதால்தான் பாலம் முறிந்தது என்றார்கள். 11, 12 வயதில் இது 34 விழுக்காடாகக் குறைந்தது. உலகமே தண்டிக்கக் காத்திருக்கிறது என்று சிறு பிள்ளை தானாகவே நம்புகிறது. அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தால், அப்பா வீட்டை விட்டுப் போனால், தான் சொன்ன பொய் காரணமோ என்று அது இரவில் யோசிக்கிறது. இந்த மனத்தின் முன்னால் தண்டனையை முதலில் வைக்கும் ஆசிரியர், அது ஏற்கெனவே கொண்டிருக்கும் பயத்துக்குக் கடவுளின் கையொப்பத்தை வாங்கிக் கொடுக்கிறார்.

பயம் பொய்த்துப்போனால் விளைவு வேறு. ஆங்கில எழுத்தாளர் எட்மண்ட் காஸ் கண்டிப்பான பிரதரன் சபைக் குடும்பத்தில் வளர்ந்தவர். விக்கிரகத்தை வணங்கினால் கடவுள் சினங்கொள்வார் என்று தந்தை சொன்னதைச் சோதிக்க, ஆறு வயதளவில் ஒரு நாற்காலியை மேசைமேல் ஏற்றி அதைக் கும்பிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கடவுளைப் பற்றிய தந்தையின் அறிவில் வைத்திருந்த நம்பிக்கையில் அன்று விழுந்த கீறல் ஆறவே இல்லை. பத்து வயதில் சபை முன்னிலையில் ஞானஸ்நானம் பெற்றதும், மற்றப் பையன்களைப் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டியதாக 1907-இல் வந்த தன் சுயசரிதையில் எழுதுகிறார். இரட்சிப்பு அவருக்குத் தகுதிச் சான்றிதழாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மாற்று வழியை மிகப் பொறுமையாகக் கட்டியெழுப்பியவர் சோஃபியா கவல்லெத்தி. 1954-இல் ரோமில், மொண்டெசோரி ஆசிரியை ஜான்னா கோபியோடு சேர்ந்து அவர் தொடங்கிய நல்லாயன் மறைக்கல்வியில், மூன்று முதல் ஆறு வயதுவரையான பிள்ளைகள் மரத்தில் செய்த ஆட்டுப்பட்டியையும் மேய்ப்பனையும் தம் கையால் நகர்த்தி உவமையைத் தியானிக்கிறார்கள். ஒவ்வோர் ஆட்டையும் பெயர் சொல்லி அழைப்பவர் அவர் என்பதே அந்த வயதின் பாடம். நன்மை தீமையும் மன்னிப்பும் ஆறு வயதுக்குப் பிறகு வருகின்றன. சிறு குழந்தைக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு, வளர்ந்த பிள்ளைக்கு அளவுகோல் என்பது பல ஆண்டுகள் பிள்ளைகளைக் கவனித்து அவர் அடைந்த முடிவு. நானறிந்த முறைகளில் குழந்தையின் காலத்துக்கு மிக இணக்கமானது இதுவே.

ஆனால் பாவம் என்ற பேச்சையே எடுக்காத இன்றைய மென்மைப் பாடங்களோடு எனக்கு உடன்பாடில்லை. நோவாவின் கதை மிருகக்காட்சிச் சாலையாகவும், யோசேப்பின் கதை வண்ணச் சட்டையாகவும் சுருங்கிவிட்டன. எட்டு வயதுப் பிள்ளை தம்பியின் பொம்மையை வேண்டுமென்றே உடைத்திருக்கும். தோழியைக் கூட்டத்தில் காட்டிக் கொடுத்திருக்கும். தான் செய்தது கெட்டது என்று அதற்கு நன்றாகத் தெரியும். நீ நல்ல பிள்ளைதான் என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அதைத் தனியாக விட்டுவிடுகிறோம்.

சிலுவையை விளக்குவதில் இன்னும் கவனம் வேண்டும். ரயிலில் வருவோரைக் காப்பாற்ற, பாலத்தில் சிக்கிய தன் மகனையே சாகவிட்ட தந்தையின் கதை சிறுவர் கூட்டங்களில் இன்றும் சொல்லப்படுகிறது. பிள்ளையின் காதில் விழுவது தந்தை மகனைக் கொன்றார் என்பதே. சி. எஸ். லூயிஸ் 1950-இல் எழுதிய நார்னியா கதையில், இனிப்புக்கு ஆசைப்பட்டு உடன்பிறந்தோரைக் காட்டிக்கொடுக்கும் எட்மண்டுக்காகச் சிங்கம் தானே முன்வந்து சாகிறது. கதையை வாசிக்கும் பிள்ளைக்கு யாரும் யாரையும் பலி கொடுத்ததாகத் தோன்றுவதில்லை. அதற்கு முன், மீட்கப்பட்ட எட்மண்டிடம் சிங்கம் தனியே பேசுகிறது. என்ன பேசியது என்று நூலாசிரியர் சொல்வதில்லை. நடந்ததைப் பற்றி இனி அவனிடம் பேச வேண்டாம் என்று சிங்கம் மற்றவர்களிடம் கேட்டுக்கொள்கிறது. மனந்திரும்பும் பிள்ளையின் மானத்தைக் காப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் படித்ததில்லை. பாவங்களைத் தாளில் எழுதி எல்லோர் முன்னிலையிலும் சிலுவையில் ஆணியடிக்கச் சொல்லும் முகாம்கள் இதை யோசிக்க வேண்டும்.

அப்படி எழுதச் சொல்லும்போது, தனக்கு ஒருவர் செய்த தீங்கைத் தன் பாவமாக எழுதும் பிள்ளையும் அங்கே இருக்கக்கூடும். பாலம் முறிந்ததற்குத் தன்னையே காரணமாக்கும் வயது அது. பெரியவர் ஒருவர் தவறாகத் தொட்டதை அது தன் அசுத்தமாக நினைத்திருக்கும். அந்தப் பிள்ளைக்காகப் பாவமன்னிப்பு ஜெபம் ஏறெடுப்பது அதற்குச் செய்யும் இரண்டாவது தீங்கு. நீ செய்த பாவம் வேறு, உனக்குச் செய்யப்பட்ட பாவம் வேறு என்பதை ஞாயிறு பள்ளியிலும் மறைக்கல்வியிலும் பத்துக் கற்பனைகளோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும். 2012-இன் போக்சோ சட்டப்படி இப்படியொரு குற்றத்தை அறியும் எவரும் காவல்துறையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ஞாயிறு பள்ளி ஆசிரியரும் அதில் அடக்கம். ஆசிரியர் பயிற்சியின் முதல் நாளிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.