கொடையும் கூடுகையும்: இரு தீர்ப்புகள் குறித்து ஒரு திறனாய்வு

1. வினா

அறநிறுவனங்களும் தொண்டுச் சங்கங்களும் அரசின் நெருக்கத்துக்கு உள்ளாகும்போது திருச்சபை என்ன மறுமொழி கூறவேண்டும் என்னும் வினா அண்மை ஆண்டுகளில் நம்மிடையே பலமுறை எழுந்துள்ளது. அதற்கு நாம் வழக்கமாகத் தரும் விடை, "நாங்கள் அரசியலில் ஈடுபடுவதில்லை, சேவை மட்டுமே செய்கிறோம்" என்பதாகும். இவ்விடை நம்மைக் காக்க வல்லதன்று. பிறரைக் கைவிடுவதுமாகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதனை விளக்குதற்கு உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகளை அருகருகே வைத்து ஆராய்வோம். முதலாவது, சென்னை மாநில அரசின் மேல்முறையீட்டில் வி. ஜி. ரோ என்னும் வழக்கறிஞருக்குச் சார்பாக 1952 மார்ச் 31இல் வழங்கப்பட்டது. இரண்டாவது, நோயல் ஹார்ப்பரும் பிறரும் இந்திய அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 2022 ஏப்ரல் 8இல் வழங்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையே எழுபது ஆண்டுகள் உள்ளன.

2. ரோ வழக்கு

சென்னையில் 'மக்கள் கல்விச் சங்கம்' என்னும் அமைப்பு 1860ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்று இயங்கிவந்தது. ரோ அதன் பொதுச் செயலாளர். 1950 மார்ச் 10இல் மாநில அரசு அச்சங்கத்தைச் சட்டவிரோதமானது என்று அறிவித்தது. தடைசெய்யப்பட்டிருந்த பொதுவுடைமைக் கட்சியின் பிரசாரத்துக்குச் சங்கத்தின் நிதி செலவாகிறது என்பது அரசின் குற்றச்சாட்டு. அந்நியர் இயற்றிய 1908ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டமும், அதற்குச் சென்னை அரசு 1950இல் செய்த திருத்தமும் இவ்வதிகாரத்தை அளித்தன. அறிவிப்பு அரசிதழில் வெளிவந்தாற் போதும். சங்கத்தாருக்கு நேரில் தெரிவிக்க வேண்டுவதில்லை. ஆலோசனைக் குழு ஒன்று ஆணையைப் பரிசீலிக்கும். ஆயினும் அதன் முன்னிலையில் சங்கத்தார் தோன்றவோ வழக்கறிஞரை அமர்த்தவோ வழியில்லை.

ரோ உயர் நீதிமன்றத்தை நாடினார். தலைமை நீதிபதி பி. வி. இராஜமன்னார் உள்ளிட்ட மூவர் அமர்வு 1950 செப்டம்பரில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி தலைமையிலான அமர்வு தள்ளுபடி செய்தது. சங்கம் அமைக்கும் உரிமை சமயம், அரசியல், பொருளாதாரம் ஆகிய வாழ்வின் பல துறைகளையும் தொடுகின்ற அகன்ற உரிமை என்பதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. எனவே அரசு தன் மனநிறைவை மட்டும் ஆதாரமாகக் கொண்டு, நீதிமன்ற விசாரணைக்கு இடமளியாமல், அவ்வுரிமையைப் பறித்தல் நியாயமான கட்டுப்பாடாகாது என்று கண்டது. ஆலோசனைக் குழு செய்யும் ஒருபக்கச் சார்பான சுருக்கப் பரிசீலனை நீதிமன்ற விசாரணைக்கு ஈடாகாது என்றும் கூறியது.

இத்தீர்ப்பின் சிறப்பு, நீதிமன்றம் அச்சங்கத்தின் கொள்கையை எடைபோட முற்படவில்லை என்பதிலுள்ளது. சங்கத்தார் நல்லவரா என்பது அங்கு வினாவன்று. குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் கூற்றைச் சொல்ல இடமிருந்ததா என்பதே வினா.

3. ஹார்ப்பர் வழக்கு

அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் முதன்முதலில் 1976இல், அவசர நிலைக் காலத்தில் பிறந்தது. 2010இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்று 2011 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2020இல் செய்யப்பட்ட திருத்தம் நான்கு வகையில் கடுமையானது. அயல்நாட்டு நன்கொடையைப் பெற்ற நிறுவனம் அதனை வேறெந்த நிறுவனத்துக்கும், அது பதிவு பெற்றதாயினும், மாற்றித் தரலாகாது. நிர்வாகச் செலவின் வரம்பு நூற்றுக்கு 50இலிருந்து 20 ஆகக் குறைந்தது. நன்கொடை முழுதும் புதுதில்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையொன்றில் திறந்த கணக்குக்கே முதலில் வரவேண்டும். விசாரணைக் காலத்தில் பதிவை நிறுத்திவைக்கும் கெடு 180 நாளிலிருந்து 360 நாள் வரை நீளலாம்.

ஆந்திரத் தொண்டு நிறுவனமொன்றைச் சார்ந்த ஹார்ப்பரும் பிறரும் இத்திருத்தத்தின் சில பிரிவுகளை எதிர்த்தனர். நீதிபதி ஏ. எம். கான்வில்கர் தலைமையிலான மூவர் அமர்வு அவற்றைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. ஆதார் எண்ணுக்குப் பதிலாக இந்தியப் பொறுப்பாளர்கள் கடவுச்சீட்டைக் காட்டலாம் என்ற அளவில் மட்டும் தளர்வு தந்தது. அயல்நாட்டுக் கொடையைப் பெறுவது முழுமையான உரிமையாகாது. நாட்டின் இறையாண்மையைக் காக்கப் பாராளுமன்றம் அதனைக் கட்டுப்படுத்தலாம், வேண்டுமாயின் தடுக்கவும் செய்யலாம் என்பது தீர்ப்பின் சாரம். அயற்கொடையை மருந்தாகவும் பயன்படத்தக்க, ஆனால் அளவு மீறினால் நஞ்சாகும் போதைப்பொருளுக்கு அது ஒப்பிட்டது. உள்நாட்டுக் கொடையாளரை நாடலாமே என்ற அறிவுரையும் தந்தது.

நியாயமாகப் பேசவேண்டுமாயின், இரு வழக்குகளும் ஒரே தன்மையன அல்ல. 1950இல் தடைசெய்யப்பட்டது சங்கம். 2020இல் கட்டுப்படுத்தப்பட்டது ஒருவகைப் பணம். பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே செல்கிறது என்று கேட்கும் உரிமை எந்த அரசுக்கும் உண்டு. கைமாறிக் கைமாறிச் செல்லும் நிதியைக் கண்காணிப்பது கடினம் என்ற அரசின் வாதத்தையும் பொய்யென்று ஒதுக்க இயலாது. ஆனால் தீர்ப்பின் குறை வேறொன்று. கட்டுப்பாட்டின் உருவத்தை நோக்கிய நீதிமன்றம், அதன் விளைவை அதே கவனத்தோடு நோக்கவில்லை.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லியை அடுத்த கரையான்சாவடியில் ஒரு சிறு சங்கம் கூலித்தொழிலாளரின் பிள்ளைகளுக்கு மாலைப் பள்ளி நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். தில்லியில் கணக்குத் திறக்கவும் தணிக்கையாளரை அமர்த்தவும் அதற்கு வசதியில்லை. முன்பு, பதிவு பெற்றிருந்தால், நகரத்துப் பெரிய நிறுவனமொன்றிலிருந்து சிறுதொகை பெற்று ஆசிரியை இருவருக்கு ஊதியம் தந்திருக்கும். இன்று அப்பெரிய நிறுவனம் விரும்பினாலும் தர இயலாது. சங்கத்தை எவரும் தடைசெய்யவில்லை. பள்ளி மட்டும் மூடப்படுகிறது. தடையாணை இல்லாமையால் எதிர்த்து வழக்காடவும் பொருளில்லை. ரோவுக்குக் கிடைத்த அந்த ஒரு வாய்ப்பும் இச்சிறு சங்கத்துக்குக் கிடைப்பதில்லை.

4. பெயர் பெற்றோரும் பெயரற்றோரும்

சென்னையில் அலுவலகம் கொண்டிருந்த கருணா பால் விகாஸ் முதலிய துணை நிறுவனங்கள் வழியாகப் பணியாற்றிய கம்பாஷன் நிறுவனம், தன் நிதிக்கு முன்னனுமதி மறுக்கப்பட்டதால் 2017 மார்ச்சில் இந்தியப் பணியை முடித்துக்கொண்டது. ஏறத்தாழ 1,45,000 பிள்ளைகளின் ஆதரவு நின்றது. 2021 டிசம்பர் 25இல் அன்னை தெரேசாவின் சபையாருக்குப் பதிவுப் புதுப்பித்தல் மறுக்கப்பட்டது. நாடெங்கும் உலகெங்கும் குரல் எழுந்தது. இரண்டு வாரத்துக்குள் பதிவு மீண்டது. 2024இல் வேர்ல்டு விஷன் இந்தியா, காசா, இந்திய நற்செய்தி ஐக்கியம் ஆகியவற்றின் பதிவுகள் நீக்கப்பட்டன. மதுரையை மையமாகக் கொண்ட மக்கள் கண்காணிப்பகத்தின் பதிவு 2012 முதல் பலமுறை நிறுத்திவைக்கப்பட்டு, 2016இல் புதுப்பித்தல் மறுக்கப்பட்டது; இம்மறுப்பு முதல் நோக்கில் சட்டப்படியானதாகவோ நடுநிலையானதாகவோ தோன்றவில்லை என்று தேசிய மனித உரிமை ஆணையமே அவ்வாண்டு கூறியது.

இந்நிகழ்ச்சிகளுள் எதற்காக நம் ஆலயங்களில் மன்றாட்டு ஏறெடுக்கப்பட்டது என்று ஒவ்வோர் ஆயரும் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும். அன்னையின் சபையாருக்காகப் பேசினோம், அது தகும். காவல் நிலையச் சித்திரவதையை எதிர்த்து உழைத்தோருக்கு நேர்ந்தபோது அது 'அரசியல்' ஆயிற்று. சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களின் உரிமைக்காக நீதிமன்றப் படியேறத் தயங்காத நாம், பிறருடைய சங்கங்கள் மூடப்படுகையில் சட்டத்தின் நுணுக்கத்தைக் காரணம் காட்டி ஒதுங்குகிறோம். 'சேவை மட்டுமே' என்னும் விடையின் உட்பொருள் இதுதான்: நல்ல சங்கத்துக்கு உரிமை உண்டு, கேள்வி கேட்கும் சங்கத்துக்கு இல்லை. இவ்வேறுபாட்டை அரசு கேட்குமுன்பே நாம் ஒப்புக்கொடுத்துவிடுகிறோம். உச்ச நீதிமன்றமோ 2020 மார்ச் 6இல் இன்சாஃப் வழக்கில், கட்சி அரசியலோடு தொடர்பின்றி மறியல் போன்ற முறையான எதிர்ப்பு வழிகளை மேற்கொள்ளும் அமைப்பை, அதன் காரணமாகவே அரசியல் அமைப்பென்று முத்திரையிட்டு நிதியை மறுக்கலாகாது என்று கூறியது. நீதிமன்றம் தந்த இடத்தைக்கூட நாம் கேட்டுப் பெறத் துணியவில்லை.

5. பவுலின் நன்கொடையும் வழக்கும்

இவ்வினாவுக்குத் திருமறை புறம்பானதன்று. மக்கெதோனியா, அகாயா நாட்டுச் சபைகளில் திரட்டிய தொகையை எருசலேமின் ஏழைகளுக்குக் கொண்டுசென்றவர் பவுல். அஃது ஒரு நாட்டினின்று மற்றொரு நாட்டுக்குச் சென்ற கொடை. அதனைக் கையாளுவதில் எவரும் குறைகூற இடமின்றி, சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரையும் உடன் அனுப்பினார் (2 கொரி. 8:19-21). அப்போஸ்தலர் நடபடிகள் 24ஆம் அதிகாரத்தில் இக்கொடையும் ஒரு நீதிமன்ற வழக்கும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. வழக்கறிஞன் தெர்த்துல்லு பவுலைக் கலகம் எழுப்புகிறவன் என்று குற்றஞ்சாட்டுகிறான். பவுலோ, தம் இனத்தாருக்குத் தருமப்பணம் கொண்டுவந்ததைத் தம் விடையில் கூறுகிறார் (24:17). தேசாதிபதி பேலிக்ஸ் கையூட்டை எதிர்நோக்கி அவரை இரண்டாண்டு காவலில் வைக்கிறான்.

இங்கு நாம் கவனிக்கத்தக்கவை இரண்டு. பவுல், 'நான் தருமம் மட்டுமே செய்தேன்' என்று சொல்லித் தப்ப முயலவில்லை; அதே விடையில் உயிர்த்தெழுதலின் நம்பிக்கையையும் அறிக்கையிடுகிறார்; பின்னர் நீதியையும் வரப்போகும் நியாயத்தீர்ப்பையும் குறித்துத் தேசாதிபதியிடமே பேசுகிறார். அடுத்து, அவர் சட்டத்தை வெறுக்கவில்லை. பிலிப்பியில் தம் குடியுரிமையை எடுத்துரைத்து, அதிகாரிகள் தாமே வந்து வெளியே அழைத்துச் செல்லவேண்டும் என்று வற்புறுத்தினார் (16:37). செசரியாவில் இராயனுக்கு அபயமிட்டார் (25:11). சட்டப் பாதுகாப்பை நாடுதல் விசுவாசக் குறைவென்று எண்ணுவோர் இவ்வதிகாரங்களை மீண்டும் வாசிப்பாராக.

6. வழக்காடும் திருத்தொண்டு

சட்டத் துணை என்பது என்ன செய்ய வல்லது என்பதைக் கரையான்சாவடி வட்டாரம் அறியும். பூவிருந்தவல்லியில் அமைந்த தடா நீதிமன்றம் இராஜீவ் காந்தி கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் 1998 ஜனவரி 28இல் மரண தண்டனை விதித்தது. பழ. நெடுமாறன் தலைமையில் அமைந்த குழு பொதுமக்களிடம் நிதி திரட்டியது. மூத்த வழக்கறிஞர் என். நடராஜன் உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டார். 1999 மே 11இல் 19 பேர் விடுதலை பெற்றனர். அக்கொலையை நாம் அனைவரும் கண்டிக்கிறோம்; குழுவினரின் அரசியலோடு நாம் உடன்பட வேண்டுவதுமில்லை. ஆயினும், மக்களின் சிறு கொடைகள் இல்லாதிருந்தால் அப்பத்தொன்பது பேரின் நிலை என்ன என்னும் வினா எந்த ஆயரையும் உறுத்தவேண்டும்.

மற்றொரு சான்று, 1976இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் முயற்சியால் தோன்றிய மக்கள் சிவில் உரிமைக் கழகம். உள்நாட்டிலும் அயல்நாட்டிலும் எந்த நிதி நிறுவனத்திடமும் பணம் பெறாமல் உறுப்பினர் சந்தாவில் இயங்கும் அமைப்பு அது. பொடா சட்டத்தை எதிர்த்து அது வழக்காடியது. 2003 டிசம்பரில் சட்டம் உறுதிசெய்யப்பட்டது. எனினும் பயங்கரவாதத்தை வளர்க்கும் நோக்கமில்லாத வெறும் பேச்சு குற்றமாகாது என்ற விளக்கம் கிடைத்தது. 2004இல் பொடா நீக்கப்பட்டது. உள்நாட்டுக் கொடையை நாடுக என்னும் நீதிமன்ற அறிவுரையை இவ்வகையில் நாம் ஏற்கலாம். அது நமக்குப் புதியதுமன்று. 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரிச் சங்கமும் 1905இல் தேசிய மிஷனெரிச் சங்கமும் அந்த நோக்கத்தோடு எழுந்தவையே. ஆயினும் ரோவின் சங்கத்தின்மீது சாட்டப்பட்ட குற்றம் அயல்நாட்டுப் பணத்தைப் பற்றியதன்று என்பதை மறத்தலாகாது. உள்நாட்டுப் பணம் நமக்குச் சுதந்தரம் தரும். பாதுகாப்புத் தரும் என்று எண்ணற்க.

ஆதலின் செய்யத்தக்கவை சில உள. ஒவ்வொரு பேராயமும் சபைக் காணிக்கையிலிருந்தே ஒரு சட்டத் துணை நிதியை ஏற்படுத்தலாம். அது நம் நிறுவனங்களுக்கு மட்டுமன்றி, அண்டையிலுள்ள எச்சமயச் சிறு சங்கத்துக்கும் பயன்படல் வேண்டும். பதிவை நீக்குமுன் தம் கூற்றைச் சொல்ல வாய்ப்பளிக்கவேண்டும் என்று 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு கூறுவதையும், மறுபரிசீலனை கோரி ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க 32ஆம் பிரிவு இடமளிப்பதையும், உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை வேண்டலாம் என்பதையும் சங்கப் பொறுப்பாளர் அறியவேண்டும். அறிவிப்பு வந்த நாளிலேயே வழக்கறிஞரை நாடாமையால் இழக்கப்படுவது மிகுதி. நம் சபைகளிலுள்ள வழக்கறிஞர்கள் இதனைத் தம் திருத்தொண்டாக ஏற்கலாம். கணக்குகள் ஆண்டுதோறும் சபையார் முன் வாசிக்கப்படல் வேண்டும். பவுலின் முன்னெச்சரிக்கை நமக்கும் உரியது. இறையியல் கல்லூரிகளில் அரசியலமைப்பின் 19, 25, 26, 30ஆம் பிரிவுகள் அறவியல் பாடத்தின் பகுதியாகட்டும்.

ஹார்ப்பர் தீர்ப்பு இன்றும் சட்டமாக நிற்கிறது. அதற்குக் கீழ்ப்படிந்தே நம் நிறுவனங்கள் இயங்கவேண்டும். ரோ தீர்ப்பும் சட்டமாகவே நிற்கிறது என்பதை நாம் எடுத்துச் சொல்லவேண்டும். கொடையைப் பெறும் உரிமையைக் காக்க முனைந்து, கூடிப் பேசும் உரிமையைக் கைவிட்டோமாயின், ஒரு நாள் இரண்டுமே இராது. நமக்கு உடன்பாடில்லாத ஒரு சங்கத்தின் வழக்கில் திருச்சபை முதன்முறை துணைநிற்கும் நாளிலேதான், நாம் நம் நிதியைக் காக்கவன்று, நீதியைக் காக்கவே பேசுகிறோம் என்பதை நாட்டார் நம்புவர்.